கப்பலுக்குப் போட்ட மாலை

தணிகாசலத்துக்கு வேண்டியதெல்லாம் ஒரே ஒரு வார்த்தைதான். "போதும்யா, நீ போய் ஒக்காரு" என்று, சொல்லும் உரிமை உள்ள ஒருவர் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். கூடவே கழுத்தில் ஒரு மாலையையும் போட்டு அனுப்பினால் ரொம்ப நல்லது. ஆள் அறுபதைத் தொட்டாயிற்று. காசு கேட்டாரா, வீடு கேட்டாரா? இதைக்கூட ஒரு மனுஷன் ஆசைப்படக் கூடாதென்றால் அப்புறம் எதைத்தான் ஆசைப்படுவது!

தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில், மீன் ஏலம் போடும் இடத்தைத் தாண்டிப் போனால், விசைப்படகுகளுக்கு நடுவே மரத்தால் செய்த பாய்மரக் கப்பல் ஒன்று நிற்கும். பெயர் 'செல்வாம்பாள்'. அது முதலாளி கமலக்கண்ணனுடைய அம்மாவின் பெயர். கமலக்கண்ணன் வாலிபத்திலேயே பிரான்சுக்குப் போய், அங்கே உழைத்து, பென்ஷனோடு புதுச்சேரிக்குத் திரும்பியவர். திரும்பியவர் சும்மா இருந்தாரா? கையிலிருந்ததைக் கொட்டி, பழைய சரக்குத் தோணி மாதிரியே ஒன்றைக் கட்டி, சுற்றுலா வருகிறவர்களைக் கடலுக்குள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறார். பிரெஞ்சில் ஐயா என்பதற்கு முசியே; எல்லாருக்கும் அவர் முசியேதான். கெட்டவர் இல்லை. ஆனால் அவருடைய காது மட்டும் அவருக்கு வேண்டியபோதுதான் கேட்கும்.

கப்பலில் வேலைக்கு மூன்று பேர். சுக்கான் பிடிப்பவர் அம்மாவாசை, வீராம்பட்டினத்து ஆள், பிறந்ததிலிருந்து கடல்தான். இன்ஜினைப் பார்ப்பவர் தொப்பைக் கோபிநாத். பாயை ஏற்றுவதும் இறக்குவதும் தணிகாசலம். துறைமுக வாயைத் தாண்டும்வரை இன்ஜின் ஓடும். தாண்டியதும் அதை நிறுத்திவிட்டுப் பாயை ஏற்றுவார்கள். வந்த கூட்டம் அப்போதுதான் செல்போனைத் தூக்கும்.

காற்று பின்னாலிருந்து தள்ளினால்தான் பாய்க்கப்பல் போகும் என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். தணிகாசலமும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்திருந்தார். நிஜத்தில் காற்று பக்கவாட்டில் அடித்தாலும் கப்பல் முன்னால்தான் போகும். பாயைச் சாய்வாகப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். காற்று ஒரு பக்கம் அழுத்துகிறது, தண்ணீருக்குள் இருக்கிற அடிமரம் பக்கவாட்டில் நகர மாட்டேன் என்கிறது. ஈரப் பலாக்கொட்டையை இரண்டு விரலால் அழுத்தினால் முன்னால் வழுக்கிக்கொண்டு ஓடுமே, அந்தக் கதைதான்.

இதற்கெல்லாம் இரண்டு கயிறுதான் முக்கியம். பாய் தொங்குகிற நீளக் கம்புக்குப் பருமல் என்று பெயர். அந்தப் பருமலைக் கட்டி, பாய்மரத்து உச்சியில் இருக்கிற கப்பி வழியாகக் கீழே வருகிற கயிறு ஆஞ்சான். அதை இழுத்தால் பாய் ஏறும், விட்டால் இறங்கும். பாயின் கீழ் மூலையைப் பிடித்துக்கொண்டிருக்கிற கயிறு தாமான். அதை இறுக்கினால் பாய் காற்றைப் பிடிக்கும், தளர்த்தினால் காற்று ஒழுகிப் போய்விடும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அம்மாவாசை சொல்லிவிட்டார்: "ஏத்தறது பெரிசு இல்லண்ணே. எந்த மடையனும் ஏத்திடுவான். எறக்கறதுதான் பெரிசு. நெனச்ச நிமிஷத்துல பாயி கீழ வரணும். வரலன்னா நாம கீழ போயிடுவோம்."

அந்த ஆஞ்சானை இழுத்து இழுத்துத்தான் தணிகாசலத்தின் வலது தோள் தேய்ந்து போனது. நனைந்த கயிறு, அதன் முனையில் ஒரு மரத்துக் கனம். கோபிநாத் கூட நின்று இழுப்பார்தான். ஆனால் அவர் இழுப்பதைவிட மூச்சு வாங்குவதுதான் அதிகம். ராத்திரி எந்தப் பக்கம் புரண்டு படுத்தாலும் வலி கூடவே புரளும். காலையில் சட்டையைக் குஞ்சம்மாள்தான் மாட்டிவிட வேண்டும். குஞ்சம்மாள் அவர் மனைவி. அவள் சட்டையையும் மாட்டுவாள், திட்டையும் போடுவாள்.

"வாயத் தொறந்து கேளேன்யா. ஊமை கண்ட கனவாட்டம் உள்ளயே வெச்சிக்கினு இருந்தா அவருக்கு இன்னா தெரியும்?"

"கேக்காமலா இருக்கேன்? கேட்டா தீபாவளி போவட்டும்ன்றாரு. தீபாவளி போனா பொங்கல் போவட்டும்ன்றாரு."

"அப்ப நாளைலேந்து வரலன்னு நின்னுடு."

"அது எப்படிடீ? சொல்லாம கொள்ளாம நிக்கறதா? நம்மள அப்படித்தான் நிறுத்துனாங்க. நாம அப்படிச் செய்யலாமா?"

இங்கேதான் ஆளின் கிறுக்கு இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் மில் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

கப்பலுக்கு வருவதற்கு முன்னால் அவர் மில்லில் தறி ஓட்டினார். காது செவிடாகிற சத்தம். வருஷத்தில் ஒரு நாள்தான் அந்தச் சத்தம் முழுசாக நிற்கும். அது ஆயுத பூஜை. தறியைக் கழுவித் துடைத்து, பொட்டு வைத்து, ஆளாளுக்கு அவரவர் தறிக்கு மாலை போடுவார்கள். பொரி, கடலை, பூசணிக்காய். அதற்கப்புறம் தறியை யாரும் தொடக் கூடாது. உழைத்த சாமானுக்கு ஓய்வு. மறுநாள் விஜயதசமியன்று மறுபூஜை போட்டு, மாலை போட்டவனே அதைக் கழற்றி, கற்பூரம் காட்டித்தான் தறியை ஓட்ட வேண்டும். கடைசி வருஷமும் அப்படித்தான் மாலையைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். காலையில் வந்தால் கேட்டில் பூட்டு. மறுபூஜையும் இல்லை, ஒரு வார்த்தையும் இல்லை. வெளியே நின்றவர்கள் சங்கத்தைத் திட்டினார்கள், சர்க்காரைத் திட்டினார்கள். தணிகாசலம் மட்டும் "உள்ள மாலை கெடக்கே, அதக் கழட்டலையே" என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். பக்கத்தில் இருந்தவர்கள், ஐயோ பாவம், இவனுக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று நினைத்தார்கள். தறிகளைப் பழைய இரும்புக்கு அள்ளிக்கொண்டு போன பிறகும் அந்த நினைப்பு மட்டும் அவரைவிட்டுப் போகவில்லை.

அதனால்தான் இந்த வருஷ ஆயுத பூஜையைக் குறி வைத்தார். பூஜை முடிந்து எல்லாரும் கூடியிருக்கும்போது முசியேவிடம் கேட்டுவிடுவது. ஒரு நாள் ஓய்வு கப்பலுக்கு, நிரந்தர ஓய்வு தனக்கு. விடியுமுன்பே எழுந்து பெரிய மார்க்கெட்டுக்குப் போய், சாமந்தியும் சம்பங்கியும் வைத்துக் கட்டிய தடி மாலையாகப் பார்த்துத் தன் கைக்காசில் வாங்கினார்.

கப்பலைக் கழுவி, இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, இன்ஜினுக்கும் சுக்கானுக்கும் சந்தனம் வைத்தார்கள். பாய் கீழே இறங்கி, பருமல் தளத்தின் மேல் கிடந்தது. தணிகாசலம் தன் மாலையைக் கொண்டுபோய், பருமலில் ஆஞ்சான் முடிச்சுப் போட்டிருக்கிற இடத்தில் கட்டினார். மாலை நீளமாக இருந்ததால் மிச்சத்தை ஆஞ்சான் கயிற்றிலேயே சுற்றிவிட்டார். தோளைத் தின்றது அந்தக் கயிறுதானே! மரியாதையும் அதற்குத்தானே!

அம்மாவாசை பார்த்துவிட்டு, "மாலைய எதுக்குண்ணே கயித்துல சுத்தற? கப்பிகிட்ட போற கயிறாச்சே" என்றார்.

"இன்னிக்கு எந்தக் கயிறும் எங்கயும் போவாது. சாமி காரியத்துல வாய வெக்காத" என்று தணிகாசலம் வள்ளென்று விழுந்தார்.

பூஜை முடிந்தது. பூசணிக்காய் உடைந்தது. பொரியை வாயில் போட்டுக்கொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு தணிகாசலம் முன்னால் வந்தார். "முசியே, ஒரு சமாசாரம்..."

"அலோர், எனக்கும் ஒரு சமாசாரம்" என்று பாதிப் பிரெஞ்சில் ஆரம்பித்தார் கமலக்கண்ணன். "லீவு கூட்டம் ஊரே நெறஞ்சு கெடக்கு. சாயங்காலம் ஒரு ட்ரிப்புக்கு ஒத்துக்கிட்டேன்."

தணிகாசலத்துக்குப் பொரி தொண்டையில் நின்றுவிட்டது. "இன்னிக்கா? பூஜை போட்ட சாமான மறுபூஜை வரைக்கும் தொடக் கூடாது முசியே!"

"பஸ்காரன் தொடாமலா இருக்கான்? காலைல பூஜை போட்டு, சக்கரத்துல எலுமிச்சம்பழம் வெச்சு நசுக்கி, அடுத்த நிமிஷம் ஓட்டிக்கிட்டுப் போறான்."

"அது வண்டி. இது ஆயுதம்."

"கப்பல் எப்படிய்யா ஆயுதமாவும்? ஆள ஏத்திக்கிட்டுப் போறது வண்டிதான்."

கப்பல் வண்டியா, ஆயுதமா? துறைமுகமே கூடிவிட்டது. ஐஸ் உடைக்கிறவர்கள் வண்டி என்றார்கள். வலை பின்னுகிறவர்கள் ஆயுதம் என்றார்கள். கோபிநாத், இன்ஜின் ஓடும்போது வண்டி, பாய் ஏறினால் ஆயுதம் என்று இரண்டு பக்கமும் நல்ல பிள்ளையானார். கடைசியில் சம்பளம் கொடுக்கிறவர் சொன்னதுதான் சாஸ்திரம். வண்டி என்றே முடிவாயிற்று. சக்கரம் இல்லாத வண்டிக்கு எலுமிச்சம்பழத்தை எங்கே வைப்பது? அம்மாவாசை அதைக் கப்பலுக்கு முன்னால் தண்ணீரில் எறிந்தார், கப்பல் அதன்மேல் ஏறிப் போகட்டும் என்று.

"மாலையையாவது எடுத்துடலாம்ணே" என்றார் அம்மாவாசை.

"அத மட்டும் தொடாத" என்றார் தணிகாசலம். "மறுபூஜைக்கு முன்னால மாலைய எடுக்கறது ஆவாது. ஒரு தடவ பட்டதே போதும்."

சாயங்காலம் சென்னைக் குடும்பங்களும் பெங்களூருக் குடும்பங்களுமாகக் கப்பல் நிறைந்தது. முசியே கரையிலேயே நின்றுகொண்டு கையாட்டினார். துறைமுக வாயைத் தாண்டியதும் இன்ஜின் நின்றது. தணிகாசலமும் கோபிநாத்தும் ஆஞ்சானை இழுத்தார்கள். பாய் ஏறியது. மாலை போட்ட பருமல் மேலே மேலே போக, கூட்டம் கை தட்டியது. கடைசி முழத்தில் கயிறு இறுகியது. தணிகாசலம் என்ன நினைத்தார் தெரியுமா? தன் தோள்தான் போய்விட்டது என்று நினைத்தார். அவமானமாக இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, உடம்பு முழுவதையும் போட்டு இழுத்தார். கயிறு நறநறவென்று ஏறி நின்றது.

கொஞ்ச தூரம் நன்றாகத்தான் போயிற்று. மாலை நேரக் கடல், மிதமான காற்று. பிள்ளைகள் மாலையைக் காட்டிக் காட்டிச் சிரித்தன. தணிகாசலம் பாய்மரத்தில் சாய்ந்து உட்கார்ந்து, இறங்கியதும் முசியேவிடம் எப்படிப் பேச்சை எடுப்பது என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது மேற்கே, ஊர்ப் பக்கம், வானம் கருத்தது. ஐப்பசி பிறக்கப் போகிற நேரத்து மழை, சொல்லிவிட்டா வரும்?

"பாய எறக்கு!" என்று அம்மாவாசை கத்தினார்.

தணிகாசலம் ஓடிப் போய் ஆஞ்சானை அவிழ்த்துவிட்டார். பாய் வரவில்லை. கயிற்றை உதறினார். தொங்கினார். அசையவில்லை. அண்ணாந்து பார்த்தார். கப்பியின் வாயில் மாலை சிக்கிக்கொண்டு, சாமந்தி இதழ்கள் பிதுங்கிக்கொண்டிருந்தன. வாழைநாரில் கட்டிய மாலையாக இருந்திருந்தால் நசுங்கி அறுந்திருக்கும். இந்தக் காலத்து மாலை, நைலான் கயிறு. அது கப்பிச் சக்கரத்தில் சுற்றிக்கொண்டு ஆஞ்சானை இறுக்கிப் பிடித்துவிட்டது.

காற்று வந்து மோதியது. கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது, சாய்ந்துகொண்டே போயிற்று. தாழ்ந்த பக்கத்து விளிம்பைத் தாண்டித் தண்ணீர் உள்ளே வந்தது. கூட்டம் அலறியது. ஒரு அம்மா குழந்தையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு முருகா முருகா என்றாள். தணிகாசலத்துக்கு என்னாலதான், என்னாலதான் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. மேலே ஏற முடியாது. தோளும் விடாது, நேரமும் இல்லை. இருப்பது ஒரே வழி. பாயை இறக்க முடியாவிட்டால் காற்றையாவது இறக்க வேண்டும்.

சரிந்த தளத்தில் உட்கார்ந்தபடியே நகர்ந்துபோய்த் தாமானைப் பிடித்தார். முடிச்சு இறுகிக் கல்லாகிக் கிடந்தது. பூஜைக்குத் தேங்காய் உடைத்த கத்தி அங்கேயே, குங்குமப் பொட்டோடு கிடந்தது. தொடக் கூடாத ஆயுதந்தான். எடுத்து ஒரே வெட்டாக வெட்டினார்.

கயிறு பாம்பாகச் சீறிக்கொண்டு ஓடியது. பாய் காற்றைக் கக்கிவிட்டு, கொடி மாதிரி படபடவென்று அடித்துக்கொண்டது. கப்பல் மெல்ல நிமிர்ந்தது. கோபிநாத் இன்ஜினை முடுக்க, அம்மாவாசை முகப்பைக் காற்றுக்கு எதிரே திருப்பினார். அப்போதுதான் பாய் கிழிய ஆரம்பித்தது. ஒவ்வொரு தையலாக, மேலிருந்து கீழே. தறிக்காரர் காது அது. துணி கிழிகிற சத்தம் அதற்கு இழை இழையாகக் கேட்டது. கொட்டுகிற மழையில் நனைந்துகொண்டு அதைப் பார்த்தபடி நின்றார்.

கரைக்கு வந்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, வாந்தியும் அழுகையுந்தான். முசியே பார்த்தது கந்தலாகத் தொங்கிய பாயை. அப்புறம் உச்சியில் சிக்கியிருந்த மாலையை.

"கயித்துல மாலை சுத்துனது யாரு?"

அம்மாவாசை வாயைத் திறப்பதற்குள் தணிகாசலம் சொல்லிவிட்டார். "நான்தான் முசியே."

"ஆளுங்கள சாவடிக்கப் பாத்தியா? போ. நாளைலேந்து இந்தப் பக்கம் தலை காட்டாத."

எத்தனை நாள் காத்திருந்த வார்த்தை! அது வந்த வழியைப் பாருங்கள். தணிகாசலம் சோற்றுப் பையை எடுத்துக்கொண்டு நடந்தார். வீடு இருக்கிற ரெட்டியார்பாளையம் வரை எந்த பஸ்ஸிலும் ஏறவில்லை. வீட்டில் குஞ்சம்மாள் ஈரச் சட்டையைக் கழற்றும்போது நடந்ததைச் சொன்னார். அவள் தைலத்தை எடுத்துத் தோளில் தேய்த்தாள். "எப்படியோ விட்டாங்களே" என்று மட்டும் கடைசியில் சொன்னாள். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

விஜயதசமி காலை. குஞ்சம்மாள் எழுந்தபோது ஆளைக் காணோம். தணிகாசலம் கற்பூரப் பொட்டலத்தோடு தேங்காய்த்திட்டில் நின்றுகொண்டிருந்தார்.

அம்மாவாசை அப்போதுதான் கப்பியை எடுக்க மரத்தில் ஏறிக்கொண்டிருந்தார். மேலிருந்தே பார்த்தார். பருமலை வேறு கயிற்றால் பிடித்துக் கட்டினார். மாலை சிக்கிய கப்பியை அப்படியே கழற்றி, கயிற்றில் கோத்து மெதுவாகக் கீழே இறக்கினார். "பிடிச்சிக்கண்ணே. அவுக்கறது நீதான்."

தணிகாசலம் தளத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்து, கப்பியை மடியில் வைத்துக்கொண்டார். நைலானைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்து உருவினார். பாதி பூ கிரீஸில் ஊறிக் கருத்திருந்தது. செருப்புச் சத்தம் கேட்டது. நிமிர்ந்தால் முசியே.

"உன்ன வராதன்னு சொன்னேனே."

"வேலைக்கு வரல முசியே. மாலை கழட்ட வந்தேன். போட்டவன்தான் கழட்டணும்."

கமலக்கண்ணன் நின்றார். ராத்திரி அம்மாவாசை அவர் வீட்டுக்கே போய்ச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டிருந்தார். தாமானை வெட்டாமல் இருந்திருந்தால் பாய் இருந்திருக்கும், கப்பல் இருந்திருக்காது என்று. முசியே செருப்பைக் கழற்றினார். தணிகாசலம் கற்பூரம் ஏற்றிக் காட்டும்வரை கை கூப்பிக்கொண்டு நின்றார். அப்புறம் தாடையைச் சொறிந்துகொண்டு சொன்னார்:

"அலோர்... நேத்து கோவத்துல ஏதோ பேசிட்டேன். மனசுல வெச்சுக்காத. தைக்கச் சொல்லிட்டேன், அடுத்த வாரம் புதுப் பாய் வந்துடும். நீ வந்துடு. இந்தத் தீபாவளி மட்டும் போவட்டும்..."

தணிகாசலம் அவரையே பார்த்தார். கோபம்கூட வரவில்லை. அவ்வளவு அசதி. இந்த மனுஷன் இன்னும் எத்தனை தீபாவளி வந்தாலும் சொல்லப் போவதில்லை. சொல்லத் தெரியாது அவருக்கு. பாவம், அவர் மட்டும் என்ன செய்வார்!

"போதும் முசியே" என்றார் தணிகாசலம். "நான் போய் ஒக்காந்துக்கறேன்."

மாலையைக் கால் படும் இடத்தில் போடக் கூடாதே. மடித்துச் சோற்றுப் பையில் வைத்துக்கொண்டு இறங்கினார். அம்மாவாசை மரத்து உச்சியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

வீட்டில் குஞ்சம்மாள் பையைத் திறந்தாள். கிரீஸ் வாடையும் சம்பங்கி வாடையும் சேர்ந்து வந்தது. அவள் முகம் மலர்ந்தது.

"மாலையா! யாருய்யா போட்டாங்க?"

"நானே போட்டேன்" என்றார் அவர், பாயை உதறி விரித்துக்கொண்டே. "நானே கழட்டிட்டேன்."

இடது பக்கமாகச் சாய்ந்து படுத்தார். வெயில் முகத்தில் அடிக்காமலிருக்கக் குஞ்சம்மாள் வாசல் கதவைச் சாத்தினாள்.